அளந்த பின்பே திருத்தம்

தொழிற்சாலையிலிருந்து வந்த காரை வந்தபடியே ஓட்டுவதில் மனநிறைவு கொள்ளாமல், அதன் விசையையும் வேகத்தையும் மேலும் பெருக்க வேண்டும் என்னும் ஆவல் நம் இளைஞரிடையே வளர்ந்து வருகிறது. அந்த ஆவலை நிறைவேற்றித் தருவதற்கென்று, எஞ்சினுக்குள் செல்லும் எரிபொருளின் அளவையும் தீப்பொறி பிறக்கும் நேரத்தையும் கணினியின் துணையால் மாற்றியமைக்கும் பட்டறைகள் நம் பெருநகரங்களில் தோன்றியிருக்கின்றன. இந்த ஆவலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் கண்டு, பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் முறையான பந்தயப் பாதைகள் அமைத்துக்கொண்ட தமிழ்நாட்டில், யந்திரத்தின் மீது பற்றுக்கொண்டவர் பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எரிபொருளின் அளவை மாற்றுகிற ஒருவர், தாம் செய்த மாற்றத்தின் விளைவு யாதென்று புகையில் அளந்து அறியாமல், ஓசையையும் ஓட்டத்தையும் கொண்டே ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லி வண்டியை உரியவரிடம் ஒப்படைப்பது எவ்வகையிலும் தகாது. வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் என்று பட்டறைகளில் வழங்கும் அளவுக் கருவியைப் புகைக் குழாயில் முறைப்படி பொருத்தி, அது காட்டும் அளவின்படியே திருத்தம் செய்ய வேண்டும் என்பதைத் தொழில் தர்மத்தின் முதல் நிபந்தனையாகக் கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தின் நியாயத்தை உணர, எஞ்சினுக்குள் நிகழும் எரிதலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதனையே கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்து முடிக்க ஏறக்குறைய 9000 லிட்டர் காற்றை எஞ்சின் உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது. எரிபொருளும் காற்றும் ஒன்றுக்கொன்று மிகாமலும் குறையாமலும் சேர்ந்திருக்கும் இந்த நிலையை லாம்டா 1 என்று பொறியாளர் குறிப்பர். காற்று மிகுந்தால் எண் ஒன்றுக்கு மேலே செல்லும். அது மெலிந்த கலவை. பெட்ரோல் மிகுந்தால் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அது செறிந்த கலவை. சமவெளிச் சாலையில் நிதானமாகச் செல்லும்போது லாம்டா 1 போதுமானது. முழு விசையையும் வேண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதோ, டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.86 முதல் 0.90 வரையிலும், டர்போ பூட்டிய எஞ்சினுக்கு அதனினும் செறிவாக 0.80-ஐ ஒட்டியும் கலவை அமைவது வழக்கம்.

இந்த எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றினும், அதன் விளைவு சிறிதன்று. முழு விசையில் ஓடும் எஞ்சினில் கலவை மெலிந்துவிட்டால், அறைக்குள் வெப்பம் மிகுந்து, தீப்பொறியின் முறையான சுடர் வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானே வெடிக்கத் தொடங்குகிறது. நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த அதிர்ச்சி தொடர்ந்து நேருமானால், பிஸ்டனின் தலை உருகுவதும், வளையங்கள் முறிவதும், புகை வால்வின் விளிம்பு கருகுவதும் மிகக் குறுகிய காலத்திலேயே நிகழ்ந்துவிடும். இதற்கு அஞ்சித் தேவைக்கு மிஞ்சிப் பெட்ரோலைக் கொட்டினால் தீங்கு வேறொரு வழியில் வருகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, ஆயிலோடு கலந்து அதன் தன்மையைக் கெடுப்பதுடன், புகையின் நச்சைக் குறைப்பதற்காகப் புகைக் குழாயில் வைத்துள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பையே உருக்கிவிடுகிறது. இவ்விரு கேடுகளும் வண்டியை ஓட்டிப் பார்க்கும் சில நிமிடங்களில் புலப்படுவதில்லை. கணக்குத் தவறிய எஞ்சின் அன்றைக்கு உற்சாகமாகவே ஓடும். பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் நின்றுவிடும்.

முற்காலத்து மெக்கானிக்குகள் இவற்றையெல்லாம் அநுமானத்தால் அறிந்தார்கள். முழு வேகத்தில் ஓடிய எஞ்சினைச் சட்டென்று நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் பீங்கான் வெளுத்திருந்தால் காற்று மிகுதி என்றும், கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், இளம் பழுப்பாயிருந்தால் பொருத்தம் என்றும் தீர்மானித்தார்கள். சைலன்சர் வாயிலில் எழும் வாடையையும், கார்புரேட்டர் இருமும் ஓசையையும் கொண்டு, அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையாகிய ஜெட்டை மாற்றினார்கள். அவர்களுடைய அநுபவ ஞானத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் அந்த முறை ஒரு கட்டத்தின் சராசரியையே காட்டியது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் எப்படியிருந்தது, 4500 சுழற்சியில் எப்படியிருந்தது என்று பிரித்துக் காட்டும் ஆற்றல் பிளக்கின் நிறத்துக்கு இல்லை. கார்புரேட்டரில் மாற்றத்தக்க இடங்கள் சிலவாக இருந்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது, எஞ்சினை ஆளும் கணினியாகிய இன்றைய ஈ.சி.யூ.வின் எரிபொருள் அட்டவணையிலோ சுழற்சிக்கும் சுமைக்கும் ஏற்ப நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருக்கின்றன. மருத்துவர் நோயாளியின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலை அறியலாமாயினும், மருந்தின் அளவை நிர்ணயிக்க வெப்பமானியை நாடுவதைப் போல, கட்டந்தோறும் எண்ணை மாற்றுகிறவர் கட்டந்தோறும் அளக்கும் கருவியை நாடுவதே முறை.

‘காரில் முன்பே ஒரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்பவர் உண்டு. வேதியியலுக்காக 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஜெர்மானிய விஞ்ஞானி வால்டர் நெர்ன்ஸ்ட் வகுத்த மின்வேதியியல் விதியை அடிப்படையாகக் கொண்டு, ஜிர்கோனியா என்னும் பீங்கானால் ஆக்கப்பட்ட இந்த உணர்கருவியை 1976-ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் வெளியிட்டது. சுவீடனின் வால்வோ நிறுவனம் அமெரிக்காவில் விற்ற கார்களில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. நன்கு சூடேறிய ஜிர்கோனியாவின் ஒரு பக்கத்தில் புகையும் மறு பக்கத்தில் வெளிக்காற்றும் இருக்கையில், இரு பக்கத்துப் பிராணவாயுவின் வேறுபாடு ஒரு மின்னழுத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த அழுத்தம் லாம்டா 1-ஐச் சுற்றியுள்ள மிகக் குறுகிய எல்லைக்குள் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்குத் தாவிவிடுகிறது. ஆதலின், கலவை செறிந்ததா மெலிந்ததா என்று அது சொல்லுமேயன்றி, எவ்வளவு செறிந்தது, எவ்வளவு மெலிந்தது என்று சொல்லாது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் திறம்பட வேலை செய்வதற்கு லாம்டா 1-ஐ ஒட்டியே கலவை அலைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால், அன்றாட ஓட்டத்துக்கு அந்தச் சாதனம் போதுமானதாயிற்று. முழு விசையில் 0.86 வேண்டுமா 0.82 வேண்டுமா என்னும் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

அந்த விடையைத் தருவதற்கு வந்ததே வைட்பேண்ட் சென்சார். இதில் நெர்ன்ஸ்ட் அறையோடு, பிராணவாயுவை வெளியே இறைக்கவும் உள்ளே செலுத்தவும் வல்ல இரண்டாவது அறை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. நுண்ணிய இடைவெளி வழியே உட்புகும் புகையில் பிராணவாயு மிஞ்சியிருந்தால் அதை வெளியேற்றியும், குறைந்திருந்தால் உள்ளே செலுத்தியும், நெர்ன்ஸ்ட் அறையின் அழுத்தம் எப்போதும் 0.45 வோல்ட்டாகவே நிலைத்திருக்குமாறு இதன் கட்டுப்பாட்டுச் சாதனம் ஓயாது பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தின் திசையும் அளவுமே கலவையின் உண்மை நிலையை அறிவிக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படும் பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 என்னும் வகை, ஏறத்தாழ 780 டிகிரி வெப்பத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு, லாம்டா 0.65 தொடங்கி வெறுங்காற்று வரையிலும் அளக்க வல்லது. அநுமானம் செய்துகொண்டிருந்த இடத்தில் பிரத்தியட்சம் வந்துவிட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஆயினும் கருவியை வாங்கிவிட்டதனால் மட்டும் உண்மை கைக்கு வந்துவிடாது. அதைப் பொருத்தும் முறையில் நேரும் அசிரத்தை, அளவே இல்லாதிருப்பதைவிடப் பெரிய தீங்கை விளைவிக்கும். ஏனெனில் அளவில்லாதவர் ஐயத்தோடாவது நடப்பார். பொய்யளவு கொண்டவரோ நம்பிக்கையோடு தவறிழைப்பார். ஆகவே பொருத்தும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது கடமையாகிறது. எஞ்சினின் புகை வாயிலுக்கு மிக அருகில் வைத்தால் மிகை வெப்பம் சென்சாரைக் கெடுக்கும். டர்போவுக்கு முன்னே வைத்தால் அங்குள்ள அழுத்தம் அளவைப் பிறழச் செய்யும். கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னே வைத்தால் அங்கு நிகழும் ரசாயன மாறுதலுக்குப் பிந்திய புகையையே அது காணும். குழாயின் கடைசி நுனியில் வைத்தாலோ, எஞ்சின் மெதுவாக ஓடும் வேளையில் வெளிக்காற்று பின்னோக்கிப் புகுந்து கலவை மெலிந்ததாகக் காட்டிவிடும். ஆதலின், எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒன்றுகூடிய பிறகு, டர்போ இருந்தால் அதற்குப் பின்னும், கன்வர்ட்டருக்கு முன்னும் உள்ள இடமே உரிய இடம்.

அவ்விடத்தில் குழாயைத் துளைத்து, 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மறையிடைவெளியும் கொண்ட உருக்கு வளையத்தை வெல்டிங் செய்து, அதில் சென்சாரைத் திருகும்போது, அது குழாயின் மேற்பாதியில், கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்து, நுனி கீழ்நோக்கியிருக்குமாறு அமைய வேண்டும். புகையில் கலந்துள்ள நீராவி குளிர்ந்த குழாயில் நீர்த்துளியாகப் படிகிறது. சென்சார் அடிப்பக்கத்தில் இருந்தால் அத்துளிகள் அதன்மீது தேங்கி, பழுக்கச் சூடேறிய பீங்கானை ஒரு நொடியில் பிளந்துவிடும். இதே காரணத்தால், எஞ்சின் ஓடத் தொடங்குமுன் சென்சாரின் சூடேற்றி இயங்காதவாறு மின்னிணைப்பைத் தர வேண்டும். சூடேறாத சென்சாரை ஓடும் எஞ்சினின் புகையில் விட்டுவைப்பதும் தவறு. கரி படிந்து அது வீணாகிவிடும். சாதாரண சிலிக்கோன் பசையைப் புகைப் பாதையில் பூசுவதும் அதற்கு நஞ்சே. வயரின் நீளம் போதவில்லை என்று சென்சாரின் முனையிலுள்ள கனெக்டரை வெட்டி எறிகிறவர்கள், அந்தச் சென்சாருக்கென்றே தொழிற்சாலையில் அளவிட்டு வைத்த மின்தடையை அதனோடு சேர்த்து எறிகிறார்கள் என்பதை அறிய வேண்டும். கருவியின் எர்த் வயரை ஈ.சி.யூ.வின் எர்த் சேரும் இடத்திலேயே சேர்க்காவிட்டால், இரண்டுக்கும் இடையே தோன்றும் சிறு மின்னழுத்த வேறுபாடு, கலவையில் இல்லாத பிழையைக் கணக்கில் ஏற்றிவிடும். இவையெல்லாம் கடினமான காரியங்கள் அல்ல; சிரத்தை ஒன்றே வேண்டியது.

பொருத்தம் சரியாக அமைந்த பின்பும், காட்டும் எண்ணைப் பகுத்தறியும் விவேகம் தேவைப்படுகிறது. இந்தக் கருவி பெட்ரோலைக் காண்பதில்லை. புகையில் எஞ்சிய பிராணவாயுவையும் எரியாத வாயுக்களையும் கொண்டே கலவையைக் கணிக்கிறது. எஞ்சினுக்கும் சென்சாருக்கும் இடையே புகைக் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும், புகையின் துடிப்பால் வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டு, கலவை மெலிந்ததாகத் தோன்றும். ஒரு சிலிண்டரில் பிளக் சரியாகப் பொறி விடாமல் மிஸ்ஸிங் ஏற்பட்டால், எரியாத காற்று அப்படியே வெளியேறி, பெட்ரோல் குழாய் நிரம்பச் சென்றுகொண்டிருக்கும்போதும் ‘மெலிவு’ என்றே கருவி சொல்லும். அதை நம்பி மேலும் பெட்ரோலைக் கூட்டுகிறவர், பழுதை நீக்காமல் பழுதின் மேல் பழுதை அடுக்குகிறார். நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்த இடத்தில் அளக்கும்போது, ஒன்று மெலிந்தும் மற்றொன்று செறிந்தும் இருப்பது சராசரியில் மறைந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே இன்ஜெக்டர், பிளக், காயில், புகைக் குழாய் ஆகியவற்றின் குறைகளை முதலில் தீர்த்துவிட்டே அளவெடுக்க வேண்டும். கருவி அறிவுக்குத் துணையாகுமே தவிர, அறிவுக்கு ஈடாகாது.

நம் நாட்டில் இந்த அளவீட்டுக்குப் புதியதோர் அவசியமும் நேர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று நாடெங்கும் விற்பனையாகிறது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும்; அது கலந்த இப்பெட்ரோலுக்கு வேண்டிய விகிதம் 14.7-லிருந்து ஏறத்தாழ 13.5-ஆகக் குறைகிறது. புதிய கார்களின் ஈ.சி.யூ. தன் சென்சாரின் துணையால் இந்த மாறுதலை ஓரளவு தானே ஈடுசெய்துகொள்ளும். கார்புரேட்டர் பூட்டிய பழைய பத்மினிக்கும் அம்பாசடருக்கும் மாருதி 800-க்கும் அந்த வசதி இல்லை. தூய பெட்ரோலுக்கென்று ஜெட் பொருத்திய அவ்வண்டிகளில் இன்றைய எரிபொருளை ஊற்றினால் கலவை ஏழெட்டுச் சதவீதம் மெலிந்துவிடும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். அன்போடு அவற்றைப் பேணி வருகிறவர்கள், எந்த ஜெட்டை மாற்ற வேண்டும் என்று தடுமாறாமல், சில நாட்களுக்கேனும் இச்சென்சாரைப் பொருத்தி அளந்து அறிந்துகொள்வது நலம். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பல அளவுமானிகள் லாம்டாவை 14.7 என்னும் எண்ணால் பெருக்கியே காட்டுகின்றன. ஊற்றிய எரிபொருள் எதுவாயினும் லாம்டா 1 அவற்றில் 14.7 என்றே தெரியும். அதைக் காணாமல், எத்தனால் கலவைக்கு 13.5 வரவேண்டுமென்று எண்ணி அந்த எண்ணைத் துரத்துகிறவர் வேண்டாத செறிவையே அடைவார். ஆதலின் லாம்டாவையே பார்ப்பதும் லாம்டாவிலேயே பேசுவதும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இனி, பொதுச் சாலையைப் பற்றிய கடமைக்கு வருவோம். பந்தயப் பாதையில் ஓடும் வண்டிக்குரிய சுதந்திரம், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் நடந்துபோகும் தெருவில் ஓடும் வண்டிக்கு இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டியெடுத்துவிட்டு, அது இருப்பதாக ஈ.சி.யூ.வை நம்பவைத்து, கார்பன் மோனாக்ஸைடையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் ஊர் முழுவதும் சுவாசிக்க விடுகிற காரியத்தை ட்யூனிங் என்று அழைக்கலாகாது. அது பிறர் ஆரோக்கியத்தைக் களவாடுவது. வண்டியை நிறுத்திவைத்து எடுக்கும் மாசுச் சான்றிதழ்ச் சோதனையில், முழுச் சுமையில் நேரும் மிகைச் செறிவு அகப்படுவதில்லை என்பதால், இவ்விஷயத்தில் ட்யூனிங் செய்கிறவரின் மனச்சாட்சியே முதற் காவல். அளக்கிறவருக்குத் தம் செயல் ஊர்க் காற்றுக்குள் எதை அனுப்புகிறது என்பது எண்ணாகத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு ‘அறியேன்’ என்று சொல்ல இடமில்லை.

இதற்கெல்லாம் செலவாகும் என்பது உண்மையே. சென்சாரும் கட்டுப்பாட்டுச் சாதனமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. சென்சார் காலப்போக்கில் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருளும் ஆகும். ஆனால் பிஸ்டன் உருகிய எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஒவ்வொரு வண்டிக்கும் நிரந்தரமாக ஒன்று வேண்டுமென்பதும் இல்லை; பட்டறையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, வண்டிதோறும் வளையத்தை மட்டும் வெல்டிங் செய்து, அளவெடுத்த பின் சென்சாரைக் கழற்றிவிட்டு, துளையைத் திருகாணியால் மூடிவிடலாம். ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் மாணவர் ஒவ்வொருவரும் இந்த அளவீட்டைத் தம் கையால் ஒரு முறையேனும் செய்து பழகும்படி பாடத்திட்டம் அமையுமானால், அடுத்த தலைமுறையின் பட்டறைகளில் அநுபவமும் விஞ்ஞானமும் கைகோத்து நடக்கும்.

ட்யூனிங் தொழில் செய்வோருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. வேலை தொடங்குமுன் எந்தச் சுழற்சியில், எந்தச் சுமையில் லாம்டா எவ்வளவு இருந்தது, முடிந்த பின் எவ்வளவு ஆயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு வண்டிக்குரியவரிடம் கொடுங்கள். உங்கள் திறமைக்கு அதைவிடச் சிறந்த சாட்சிப் பத்திரம் வேறில்லை. கார் வைத்திருப்பவர்களும் எத்தனை குதிரைத்திறன் கூடியது என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தர மறுக்கும் பட்டறையில் உங்கள் எஞ்சினின் எரிபொருள் அளவைத் தொடுவதற்கு ஒருபோதும் இடங்கொடாதீர்கள்.